ஞாயிறுதோறும் கடிதம் எழுதிய ‘அமெரிக்கா’

2009ஆம் ஆண்டு. அப்போது நான் டொரொன்டோவில், ஸ்காபரோ பக்கம், மூக்குக்கண்ணாடி வில்லைகளைச் சோதித்துப் பெட்டியில் அடுக்கும் ஒரு கம்பனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீடு மல்வேர்னில். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அந்த நேரமெல்லாம் கையில் நூலகத்துப் புத்தகம் ஒன்று இருக்கும். என்னவோ தெரியாது, அமெரிக்க வரலாறு என்றால் எனக்கு ஒரு பைத்தியம். அவர்களுடைய உள்நாட்டுப் போர், சுடப்பட்ட ஜனாதிபதிகள், வியட்நாம் என்று எல்லாம் வாசித்தேன். சனிக்கிழமைகளில் போர்ப் படங்களாக எடுத்து வந்து பார்ப்பேன். திங்கட்கிழமை கம்பனிச் சாப்பாட்டு மேசையில் இருந்து அத்தனைக்கும் தீர்ப்புச் சொல்லுவேன்.

அதைக் கேட்பதற்கென்றே எதிரில் ஒருவர் இருப்பார். அறுபது வயதை நெருங்கிய பெண். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, கலியாணம் முடித்துக் கனடாவுக்கு வந்தவர். அமெரிக்கக் குடியுரிமையை மட்டும் விடாமல் வைத்திருந்தார். தமிழ் ஆட்கள் நாங்கள் எங்களுக்குள் அவரை ‘அமெரிக்கா’ என்றே சொல்லுவோம். “அமெரிக்காவுக்கு இண்டைக்குத் தடிமன் காய்ச்சலாம், வரேல்லை” என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

அவருடைய நாடு செய்த பிழைகளுக்கெல்லாம் நான் அவரைத்தான் விசாரிப்பேன். அவர் சிரித்துக்கொண்டு தன் சாண்ட்விச்சில் பாதியை என் பக்கம் தள்ளிவிடுவார். நான் என் இடியப்பத்தில் பாதியை அவர் பக்கம் தள்ளுவேன். அந்த வருடம் தை மாதம் அங்கே புதிய ஜனாதிபதி பதவியேற்றதைச் சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அமெரிக்கா கண்ணைத் துடைத்தார். “யார் வந்தாலும் உங்கள் நாடு மாறாது” என்று நான் சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

அதற்குப் பிறகு நான் அமெரிக்கக் கதை பேசுவதையே விட்டுவிட்டேன். என் தங்கையும் மச்சானும் மூன்று பிள்ளைகளும் இலங்கையில், போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். மாசி மாதத்தோடு தொலைபேசி நின்றுபோனது. வேலை முடிந்ததும் நகரத்துக்குப் போய் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன்னால் சனத்தோடு சனமாக நின்று போரை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். மேசையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு தங்கையின் பெயரை, பிள்ளைகளின் வயதை, கடைசியாக எந்த ஊரிலிருந்து பேசினாள் என்பதை யாருக்கு என்றில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

வைகாசியில் போர் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அடுத்த நாள் மத்தியானம் அமெரிக்கா என் கையில் தன் கையை வைத்து, “சண்டை முடிந்துவிட்டதாக வாசித்தேன். இனி ஏதாவது செய்தி வரும்” என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. கையை உதறினேன்.

“உங்களுக்குச் சண்டை என்றால் படம். சோளப்பொரி சாப்பிட்டுக்கொண்டு பார்ப்பீர்கள். ஒரு ஆளுக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று உங்கள் ஆட்களுக்குத் தெரியுமா?”

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

அவரோடு பல வருடமாக வேலை செய்த தமிழ் அன்ரி ஒருவர்தான் என்னை மூலைக்குக் கூப்பிட்டுப் பேசினார். “பிள்ளை, என்ன கதை கதைச்சிட்டீர்? அவவின்ர தமையன் வியட்நாம் சண்டையில காணாமல் போனவர். இண்டைவரைக்கும் ஒரு எலும்புகூடக் கிடைக்கேல்லை. மகன் எடுத்தாலும் எடுப்பான் எண்டு தாய்க்காரி சாகுமட்டும் டெலிபோன் நம்பரை மாத்த விடேல்லையாம்.”

பங்குனி மாதம், மலிவான தொலைபேசிக் கம்பனிக்கு மாறுவோம் என்று கேட்ட என் கணவரோடு நான் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. தங்கைக்குத் தெரிந்த இலக்கம் அந்த ஒன்றுதான். வியட்நாமைப் பற்றி இத்தனை வாசித்தேன். இரண்டு அடி தள்ளி இருந்தவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த நாள் விடிய அவர் இறங்கும் பஸ் தரிப்பில் காத்து நின்றேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், அழுகைதான் வந்தது. அவர் என்னைப் பேசவிடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். எல்லாம் கடித நகல்கள். தன் மாநிலத்துச் செனட்டர்களுக்கும் மற்றப் பிரதிநிதிகளுக்கும் மாசி மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எழுதியிருக்கிறார். என் தங்கையின் பெயர், மச்சானின் பெயர், பிள்ளைகளின் வயது, கடைசியாக இருந்த இடம் எல்லாம் அதில் இருந்தன. நான் புலம்பியதையெல்லாம் கேட்டு வைத்திருந்திருக்கிறார்.

“பெயரைச் சரியாக எழுதியிருக்கிறேனா பார். என் அண்ணனின் பெயரை, காணாமல் போனவர்களின் முதல் பட்டியலில் ஒரு எழுத்துப் பிழையாகப் போட்டிருந்தார்கள். அதைத் திருத்தவே அம்மாவுக்கு ஒரு வருடம் போனது.”

தங்கையின் நீளமான பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. பஸ் தரிப்பில் நின்றபடியே அவருடைய பேனாவால் அதைப் போட்டேன்.

அந்தக் கடிதங்களால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு அலுவலகங்களிலிருந்து அச்சடித்த பதில் வந்தது. ஆடி மாதம், அகதி முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய கைபேசியில் தங்கை அழைத்தாள். அவளும் மூன்று பிள்ளைகளும் உயிரோடு இருந்தார்கள். மச்சானைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அவள் முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தங்கையோடு பேசும்போது தொலைபேசியை அவரிடம் கொடுத்தேன். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அவர் தங்கையின் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக, பிழையில்லாமல் சொன்னார். மறுபக்கம் தங்கை, “ஆரக்கா உது? வெள்ளைக்காரி என்ர பேரைச் சொல்லுறா!” என்று சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் கேட்ட அவளுடைய சிரிப்பு அது.

மச்சானுக்காக அவர் இன்னும் சில வருடங்கள் எழுதிக்கொண்டிருந்தார். இப்போது இருவருமே ஓய்வு பெற்றுவிட்டோம். தேர்தல் வந்தால் இன்றைக்கும் கோப்பிக் கடையில் இருந்து சண்டை பிடிப்போம். நான் சத்தம் போடுவேன், அவர் சிரிப்பார். ஆனால் புதிதாகச் சந்திக்கும் யாரிடமாவது அவர்களுடைய நாட்டைப் பற்றி வாதாடத் தொடங்கும் முன், அவர்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டுவிடுகிறேன்.