காலால் தள்ளுவது

நான் பள்ளிக்கூட வேன் டிரைவர். இப்போது ஓட்டவில்லை என்றாலும் அப்படித்தான் சொல்ல வருகிறது. அணுபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளியில் விட்டுவிட்டு, மாலையில் திரும்ப அவரவர் வீட்டு வாசலில் இறக்குவது என் வேலை. வண்டி என்னுடையதல்ல. முதலாளிக்கு இரண்டு வேன்கள். அதில் ஒன்று பல வருடமாக என் கையில் இருந்தது.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்ட மறுவாரம் கால் உடைந்தது. கேட்பவர்கள் எல்லோரும் ஏதோ விபத்து என்றுதான் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பெண்ணின் பை படியில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் இறங்கும் பக்கமாகவே நானும் இறங்கினேன். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தை மழை அரித்து வைத்திருந்தது. வலது கால் அதில் பக்கவாட்டில் மடிந்தது. சுள்ளி ஒடிந்தது போல ஒரு சத்தம் கேட்டது. அது என் காலிலிருந்து வந்தது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு, "பை அங்கிள்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நான் தரையில் உட்கார்ந்தபடியே அவளுக்குக் கையாட்டினேன்.

செங்கல்பட்டில் ஆபரேஷன் ஆனது. கணுக்காலில் இரண்டு பக்கமும் எலும்பு விட்டுப்போயிருந்தது. ஒரு பக்கம் பிளேட்டு, இன்னொரு பக்கம் ஸ்குரூ. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார் டாக்டர். கதவுக்குக் கீல் அடித்தது போல இருந்தது. காலைத் தரையில் வைக்கவே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி எழுத அதிகம் இல்லை. படுத்திருந்தேன். தலையணை மேல் காலை ஏற்றி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். என் மனைவி மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறாள். காலையில் எனக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்து மூடிவிட்டுப் போனால் பொழுது சாயும் நேரத்துக்குத்தான் வருவாள். இடையில் நான், ஃபேன், வாக்கர். பாத்ரூமுக்கு வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து ஒற்றைக் காலில் போக வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அவள் சொம்பைத் தூக்கிப் பார்ப்பாள்.

"இன்னாயா, வெச்ச தண்ணி வெச்ச மாரியே கீது?"

"தாகமில்ல."

"தாகமில்லயாம். நாக்கப் பாரு, காஞ்ச கருவாடு மாரி."

பார்க்க வருகிறவர்கள் வேறு. ஆப்பிளோ பிஸ்கட்டோ வாங்கிக்கொண்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்து, "எப்படி ஆச்சு?" என்பார்கள். சொன்னால், "அவ்ளோதானா?" என்பார்கள். எனக்கு ஆட்களோடு பேசுவது எப்போதுமே கொஞ்சம் கஷ்டம். வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. பிள்ளைகள் பேசுவார்கள், நான் ரோட்டைப் பார்த்தால் போதும். படுக்கையில் அப்படித் தப்பிக்க வழியில்லை. கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருக்கக் கற்றுக்கொண்டேன். அதுவும் அலுப்பாகத்தான் இருந்தது.

எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. என் வேன் தினமும் அந்த வழியாகத்தான் போகும். மதுராந்தகம் பக்கத்து ஆள் ஒருவனை முதலாளி போட்டிருந்தார். வீட்டுக்கு அந்தண்டை ஒரு வேகத்தடை இருக்கிறது. அவன் அதற்கு மிக அருகில் வந்துதான் பிரேக் பிடிப்பான். பின்பக்கம் தூக்கிப் போடும் சத்தமும் பிள்ளைகள் 'ஓ' என்று கத்துவதும் படுக்கைக்குக் கேட்கும். பிள்ளைகளுக்கு அது சந்தோஷமாக இருந்திருக்கலாம். எனக்குப் பல் கூசும்.

முதலாளி என்னைவிட இளையவர், கெட்டவரும் இல்லை. ஒருநாள் பைக்கில் வந்தார். நின்றபடியே பேசினார்.

"இன்னா அண்ணாத்த, எப்பிடி கீது காலு?"

"பரவால்ல."

"பரவால்லன்னா? எனக்குத் தெளிவா சொல்லு. பொங்கல் லீவு முடிஞ்சி ஸ்கூல் தெறக்கற அன்னைக்கு நீ வண்டில குந்தினு இருக்கணும். அது வரிக்கும் இந்தப் பையன வெச்சி ஓட்றேன். அப்பவும் நீ வரலன்னா இவன் நிக்க மாட்டான். பெர்மனென்ட்டு பண்ணுன்றான். எனக்கும் பேஜாராப் பூடும்."

"வந்துடுவேன்."

"ஷ்யூரா?"

"வந்துடுவேன்பா" என்றேன். வேறு என்ன சொல்ல? பத்தாவது வரை படித்தவன். ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அவர் போன பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அந்த வேகத்தடை வருவதாக நினைத்துக்கொண்டு ஊன்றக் கூடாது என்றதையும் மீறி வலது காலால் தரையை அழுத்திப் பார்த்தேன். சரியாக இருப்பது போலத்தான் தோன்றியது. தரை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

காலை ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அதே ஆஸ்பத்திரியில் பின்பக்கம் ஒரு நீள அறை. வாரத்தில் சில நாள் பஸ்ஸில் போய் வர வேண்டும். ஏறும்போது கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருப்பார். பஸ்ஸே என்னைப் பார்க்கும். உட்கார இடம் கொடுப்பார்கள். இப்படி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நான் ஒருநாளும் இருந்ததில்லை.

பிசியோ செய்தது ஒரு சின்ன வயதுப் பெண். தெற்கத்திப் பேச்சு. அப்பா இங்கே வேலைக்கு வந்ததால் அணுபுரத்தில் குடியிருப்பதாகச் சொன்னாள். எல்லா ஆண்களையும் 'அண்ணே' என்பாள். என்னை ரெக்சின் கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்து, தான் ஒரு ஸ்டூலைப் போட்டு என் பாதத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். தன் உள்ளங்கையை என் உள்ளங்காலில் வைத்தாள்.

"என் கையைத் தள்ளுங்கண்ணே. பிரேக் மிதிக்கிற மாதிரி. நல்லா பலமா."

எனக்கு உடம்பே சுருங்கிவிட்டது.

யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். பஸ்ஸில் தெரியாதவர் செருப்பின் மேல் கால் பட்டாலும் போகும். இங்கே என்னை அண்ணன் என்று கூப்பிடும் ஒரு பெண், படித்த பெண், முழுக் கையையும் என் காலுக்கடியில் கொடுத்து மிதிக்கச் சொல்கிறாள். என் குதிகாலில் பித்தவெடிப்பு வேறு. நான் மெதுவாகத் தள்ளினேன். கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கத் தள்ளுவோமே, அந்த அளவுக்கு.

"அவ்வளவுதானா? இன்னும் தள்ளுங்க."

இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் முடியவில்லை, மனசு விடவில்லை. முடிந்ததும் குனிந்து அவள் கையைத் தொடப் போனேன். "ஐயய்யே, என்னண்ணே இது" என்று எழுந்துவிட்டாள்.

ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். அவள் தள்ளச் சொல்வாள், நான் பட்டும் படாமல் தள்ளுவேன், அவள் என் கார்டில் ஏதோ எழுதுவாள். முகம் நாளுக்கு நாள் யோசனையாக மாறியது. எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் காலைப் பற்றிக் கவலை இல்லை. பலம் உள்ளே இருக்கிறது, மரியாதைக்காக நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன், வண்டியில் உட்கார்ந்தால் வந்துவிடும் என்று நம்பினேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே தெம்பு அதுதான்.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, அடுத்த தடவை வீட்டு ஆள் யாரையாவது அழைத்து வரச் சொன்னாள். மனைவி லீவு போட்டுவிட்டு வந்தாள். அந்தப் பெண் அவளைத் தனியே கூப்பிடாமல் எனக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"அக்கா, கால்ல பவர் வரவே இல்ல. இத்தனை வாரத்துக்கு ஓரளவு வந்திருக்கணும். நரம்புல ஏதும் பிரச்சினையான்னு டெஸ்ட் எடுக்கணும். தேவைப்பட்டா திரும்ப உள்ள பாக்க வேண்டி இருக்கும்."

"திரும்ப ஆபரேசனா?" என் மனைவி என்னைப் பார்த்தாள். "எங்க, ஒரு தரம் செய்யச் சொல்லுங்க. நான் பாக்கறேன்."

அந்தப் பெண் கை வைத்தாள். நான் தள்ளினேன். மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாயா, கொயந்தைக்கு மயிலிறகு தடவற மாரி தடவிகினு கீற?"

"சும்மா இரு."

"மேடம், இவரு தள்ளவே இல்ல. உங்க கைல காலு படுதேன்னு கூச்சம். வூட்ல பூன மேல காலு பட்டாகூட தொட்டுக் கும்புட்டுக்குவாரு. இவராவது உங்கள ஒதைக்கறதாவது!"

அறையே சிரித்தது. தோள் இறுகிப்போய், பயிற்சிக்காகச் சுவரில் விரல்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பி, "யோவ், அந்தப் பொண்ணு இன்னா சாமி செலையா? ஒதைய்யா! சாமியே கேக்குதில்ல?" என்றார். எனக்குக் கட்டிலுக்கடியில் போய்விடலாம் போல இருந்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. முகம் தெளிந்துவிட்டது. "அதானா விஷயம்! அண்ணே, எத்தனை பேரு என் கையை மிதிச்சிருக்காங்க தெரியுமா? என்னை இந்த ஸ்டூலோட பின்னால தள்ளுங்க. விழுந்தா எந்திரிச்சுக்கிடுவேன்" என்று சொல்லி, காலை அகட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் சேர்த்து என் பாதத்தில் வைத்தாள்.

மனசுக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கட்டிலின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, பிடித்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுத் தள்ளினேன். தொடை நடுங்கியது. கழுத்து வரை வேர்த்தது. அவள் ஸ்டூலோடு பின்னால் போயிருப்பாள் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ம், தள்ளுங்கண்ணே" என்றாள்.

"தள்ளிகினுதாம்மா கீறேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவர் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மனைவி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

அந்தப் பெண் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னாள். தொட்டால் தெரிகிறதா என்று கேட்டாள். பிறகு என் ஆடுசதையைக் கையால் சுற்றிப் பிடித்து, இடது காலையும் அதே மாதிரி பிடித்துக் காட்டினாள். "நரம்பு நல்லாத்தான் இருக்கு. ஆபரேஷன் எல்லாம் வேண்டி வராது. பயப்படாதீங்க. சதைதான் கரைஞ்சிருச்சு. நீங்க முழுசா தள்ளியிருந்தா எனக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கும். இனிமே தள்ளித் தள்ளித்தான் ஏத்தணும்."

"பொங்கல் கழிச்சு வண்டி எடுக்கலாமா?"

"எடுக்கலாம். நடுவுல ஒரு பிள்ளை ஓடியாந்தா என்ன செய்வீங்க?"

நான் குனிந்து செருப்பை மாட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"மொதலாளிக்கு இன்னா சொல்லப் போற?"

"பொங்கலுக்கு இன்னும் நாள் கீதே."

"நாள் கீது. காலு?"

வீட்டுக்கு வந்ததும் போனை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கப் பின்பக்கம் போனாள். சாதாரணமாக இந்த மாதிரிப் பேச்செல்லாம் அவள்தான் பேசுவாள். அன்று பேசவில்லை. ரொம்ப நேரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நானே போட்டேன்.

"இன்னா அண்ணாத்த, ரெடியா?"

"இல்லப்பா. அதச் சொல்லத்தான். காலு வரல."

"அன்னைக்கு வந்துடுவேன்னு சொன்ன?"

"எனக்கே தெரியாது அப்போ."

"கொஞ்ச கொஞ்சமா ஓட்டுறது? பக்கத்து டிரிப்பு மட்டும்?"

"ஓட்டிடலாம். நிறுத்த முடியாது."

முதலாளி பெருமூச்சு விடுவது கேட்டது.

"சரி. புள்ளைங்க வண்டி. நீ சொன்னதே நல்லதாப் போச்சி. இவனையே போட்டுட்றேன். கோவிச்சிக்காத."

"கோவம் இல்ல."

"நல்லாயிட்டு வா, வேற எதுனா பாக்கலாம்."

"பாக்கலாம்" என்றேன். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "அந்தப் பையன்கிட்ட, ஸ்பீட் பிரேக்கருக்கு முன்னாடியே ஆக்சிலேட்டர்லந்து காலத் தூக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வெறும் அசதிதான். பல நாள் ஏதோ ஒரு மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டே படுத்திருந்த மாதிரி. இறக்கியும் லேசாகவில்லை.

மனைவி உள்ளே வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கேட்டிருக்கும், பின்பக்கம் அவ்வளவு தூரமில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். பினாயிலில் ஊறி ஊறி அவள் விரல் நுனியெல்லாம் உரிந்திருந்தது. அந்தக் கையை என் உள்ளங்காலில் வைத்தாள்.

"தள்ளு."

"உனக்கு வலிக்கும்."

"நீ தள்ற தள்ளுக்கா? தள்ளுய்யா."

தள்ளினேன். இந்தத் தடவை பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. முடிந்த மட்டும் தள்ளினேன். அவள் கை கொஞ்சமும் நகரவில்லை.

"இன்னும்" என்றாள்.

மூச்சை வாங்கிக்கொண்டு மறுபடி தள்ளினேன். மறுபடியும். சற்று நேரத்தில் அவள் 'இன்னும்' சொல்வதை நிறுத்திவிட்டாள். எட்டிப் பார்த்தேன். லீவு போட்ட நாளிலும் இரண்டு பஸ் மாறி அலைந்த களைப்பு. தலை சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டிருந்தாள். கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவளை எழுப்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் தள்ளினேன்.