கொம்புக்கு வாங்கிய பச்சை

என் கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருந்தபோது ஒரு காலையில் தலை சீவப் போனேன். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. அம்மாவின் பீரோவைக் காணோம். அது நின்ற இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அழுக்குப் படாமல், பீரோ உயரத்துக்கு வெள்ளையாக ஒரு கட்டம் தெரிந்தது.

"லாரிப் பட்டறைக்குப் போயிருக்குது" என்றாள் அம்மா, புளி கரைத்துக்கொண்டே. பீரோ எதற்கு லாரிப் பட்டறைக்குப் போகிறது என்று கேட்டேன். "உங்கப்பனைக் கேளு" என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது என்று அர்த்தம்.

அது ஐம்பதுகளில் செய்த தேக்கு பீரோ. மூலைகள் எல்லாம் வழித்துவிட்ட மாதிரி வளைந்திருக்கும். குட்டைக் கால்கள், ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி, உச்சியில் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு இரண்டு மரக் கிளிகள். சின்ன வயதில் நாற்காலி போட்டு ஏறி அந்தக் கிளிகளின் கழுத்தில் நூல் கட்டி விளையாடி அடி வாங்கியிருக்கிறேன்.

எங்கள் பக்கம் எழுபதுகளின் கடைசியில் சீர் என்றால் இரும்பு பீரோ. நாமகிரிப்பேட்டையைச் சுற்றி எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பச்சையாக ஒன்று நிற்கும், பெண்கள் அதைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். அப்பாவும் ஒன்று வாங்கித் தருவதாகத்தான் இருந்தார். ஆனால் அந்தக் கோடையில் கிணறு வற்றிவிட்டது. போர் போடும் ரிக் வண்டி வந்து மஞ்சள் காட்டில் நின்று இரவும் பகலும் ஓட்டை போட்டது. வெள்ளைப் புழுதி வந்தது, தண்ணீர் வரவில்லை. என் இரும்பு பீரோ அந்த ஓட்டைக்குள் போய்விட்டது என்று எனக்கே தெரிந்திருந்ததால் நான் வாய் திறக்கவில்லை.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் அப்பாவுக்குத் தெரிந்த பெயிண்டர் ஒருவர் இருந்தார். அவரிடமிருந்து பீரோ திரும்பி வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. தேக்கின் ரேகை எல்லாம் பட்டி போட்டு அடைபட்டு, பளபளவென்று கரும்பச்சை. வீடு முழுக்கப் புது லாரி வாசனை. லாரிக்கு வரைந்த கைப்பழக்கத்தில் அந்த மனுஷர் ஓரமெல்லாம் மஞ்சள் கோடு இழுத்து, கீழே ஒரு தாமரையும் வரைந்து வைத்திருந்தாராம். அப்பா சண்டை போட்டு அழிக்க வைத்திருக்கிறார். ஆனாலும் இடது காலுக்கு மேலே ஒரே ஒரு இதழ் தப்பித்துவிட்டது. உச்சி மட்டும் மொட்டையாக, தட்டையாக இருந்தது.

"கிளி எங்கீங்கப்பா?"

"இரும்பு பீரோவுல கிளி இருக்குமா? கேக்கறா பாரு கேள்வி."

மரத்தை இரும்பாக்கிவிட்டார். ஊரை ஏமாற்ற இது போதும். ஆனால் நான் வாழ்க்கைப்படப் போவது ஊருக்கு இல்லை. பள்ளிபாளையத்துக்கு அந்தப் பக்கம், அப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சி வீட்டுக்கு. அத்தை மகனுக்குத்தான் என்னைக் கொடுத்தார்கள். அத்தை பிறந்து வளர்ந்தது எங்கள் வீட்டில். நோம்பி, விசேஷத்துக்கு வரும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியில் பார்த்துத்தான் பொட்டு வைப்பாள். அந்த பீரோவையே பச்சையடித்து அவளுக்கே புதுச் சீர் என்று அனுப்பும் யோசனை உலகத்தில் வேறு யாருக்காவது வருமா? சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற எங்கள் ஆட்களுக்குத்தான் வரும்.

"அத்தைக்குத் தெரிஞ்சுபோயிருமுங்கப்பா" என்றேன்.

"அவ என்னைக்கு பீரோவப் பாத்தா? வந்தா வாசல்ல உக்காந்து பேசிட்டுப் போயிருவா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அப்பாவுக்கு இருந்தது ஒரே தங்கச்சி. பத்துப் பேர் நடுவில் அத்தை வாய் தவறி ஒரு சொல் சொன்னால் போதும், அப்பா அதற்குப் பிறகு அந்த வாசற்படி மிதிக்க மாட்டார். அவருடைய ரோஷம் எனக்குத் தெரியும். நானோ காலம் முழுக்க அந்த பீரோவைத் திறந்து மூடிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும்.

சீர் இறக்கிய அன்று அத்தை வீட்டுக் கூடத்தில் பெண்கள் மொய்த்துவிட்டார்கள். அத்தையின் ஓரகத்தி நேராக பீரோவிடம் போய் விரலை மடக்கித் தட்டினாள். டங்கென்று கேட்க வேண்டியது டொக்கென்று கேட்டது. இன்னொரு தரம் தட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏனக்கா, இது என்ன சத்தம் இப்படி வருது?"

"உள்ள பூராத் துணி அடைச்சுக் குடுத்துருக்கான் எங்கண்ணன். அப்புறம் எப்படிச் சத்தம் வரும்?" என்றாள் அத்தை.

பீரோ காலி. அதில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. சாவி என் இடுப்பில் இருந்தது. அத்தை முந்தானையால் பீரோவின் உச்சியைத் துடைத்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு முறை, பிறகு வெறுங்கையால் இன்னொரு முறை. புது பீரோவில் ஏது தூசு என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அன்று ஆரம்பித்த குழப்பம்தான். அத்தைக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்று ஒரு நாள் சத்தியம் செய்வேன், மறுநாளே தெரியாது என்று தோன்றும். "ஈரத் துணியில துடைக்காத அம்முணி, துருப் புடிச்சுக்கும்" என்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. மழைக்காலம் வந்தது. மரம் ஊதிக் கதவு திறக்க மாட்டேன் என்றது. நான் காலை ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து மெழுகுவர்த்தியை எடுத்துக் கதவு விளிம்பில் தேய்த்தாள். "இரும்புக்கும் மழை ஆவாது" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். கிண்டலா, நம்பிக்கையா? அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பீரோவைப் பற்றி அத்தை ஏதாவது சொன்னாளா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கதவு தொறக்குதல்ல? அப்புறம் என்ன?" என்றார். தறிக்குடோனில் நாளெல்லாம் இருந்துவிட்டு வருகிற மனுஷரிடம் இதைக் கேட்ட என்னைச் சொல்ல வேண்டும்.

முதல் பொங்கலுக்குள் பீரோவின் ஓரங்களில் பெயிண்ட் செதில் செதிலாக விட ஆரம்பித்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில் தேக்கு எட்டிப் பார்த்தது. பொங்கல் சீர் கொண்டு அப்பா வருவார், பார்த்தால் என்ன ஆவாரோ என்று நான் அங்கே ஒரு துண்டைத் தொங்கப் போட்டேன். மறுநாள் பார்த்தால் துண்டு கொடியில் கிடந்தது. தேக்கு தெரிந்த இடம் பச்சையாக, ஈரமாக இருந்தது.

மாட்டுக் கொம்புக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த பெயிண்ட் டப்பா திறந்திருந்தது. ஊரெல்லாம் கொம்புக்கு நீலமும் சிவப்பும் அடிக்கும். எங்கள் வீட்டு மாடுகளுக்கு மட்டும் அந்த வருஷம் கரும்பச்சை. அடுத்த வருஷமும் பச்சை. "ஏனுங்க, உங்கூட்டு மாடு மட்டும் என்ன பச்சையாவே இருக்குது?" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டதற்கு, "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குதுங்க" என்றாள் அத்தை.

பெயிண்ட் அடித்தது யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தெரிந்துதான் மறைக்கிறாள் என்று அப்போது எனக்கு உறுதியானது. ஆனால் உறுதியானதும் குழப்பம் இரட்டிப்பானது. தெரிந்தால் என்னிடமாவது சொல்லலாமே. கோபம் என்றால் திட்டலாம், பிரியம் என்றால் சிரிக்கலாம். இரண்டும் இல்லாமல் மாட்டுக்கு முன்னால் பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கிற மாமியாரை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்புக் கட்டோடு வருவார். கை கால் கழுவியதும் பீரோ முன்னால் நின்று தலை துடைப்பார். என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, "பாத்தியா, அப்படியே இருக்குது. லாரிப் பெயிண்ட்டுன்னா லாரிப் பெயிண்ட்டுத்தான்" என்பார். அடுப்படியிலிருந்து அத்தை, "சாப்பிட வாங்கண்ணா" என்று கூப்பிடுவாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு இலை போடப் போவேன்.

எண்பதுகளின் நடுவில் அப்பா போய்விட்டார். காட்டுக்குப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்தார், எழவில்லை. காரியம் முடியும்வரை நானும் அத்தையும் அங்கேதான் இருந்தோம். பீரோ இருந்த சுவர் இத்தனை வருஷத்தில் மற்ற சுவரோடு சேர்ந்து அழுக்காகிவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்து, அந்தக் கிளிகளை என்ன செய்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"உன்னைய மணையில உக்கார வைக்கறதுக்கு முன்னால தண்ணி வார்த்தமல்ல, அந்த வென்னீர் அடுப்புல வெச்சாரு உங்கப்பா. யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னுட்டு அவரே தள்ளிவுட்டாரு. தேக்கு பாரு, நல்லா எரிஞ்சுது" என்றாள் அம்மா.

ஊர் திரும்பிய இரண்டாம் நாள் மத்தியானம் கூடத்தில் கரகரவென்று சத்தம். போய்ப் பார்த்தால் அத்தை உப்புத்தாளை வைத்து பீரோவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் பச்சைத் தூள். பட்டறைப் பச்சையும், அதற்கு மேலே கொம்புப் பச்சையும் உதிர்ந்து, ஒரு கதவில் பாதிக்குத் தேக்கு வந்திருந்தது.

"என்னங்கத்தை பண்றீங்க?"

"இனி யாரு பாக்கப் போறா? எங்கண்ணன் வருவான்னுதான அடிச்சு வெச்சேன்."

தேய்த்துக்கொண்டே சொன்னாள். அந்த பீரோ அத்தையின் கல்யாணச் சீருக்கென்று அப்பா செய்யச் சொன்னதாம். கிளி வேண்டும் என்று கேட்டதும் அத்தைதானாம். ஆசாரி நோவில் படுத்துவிட்டதில் கல்யாணத்துக்குள் வேலை முடியவில்லை. முடிந்தபோது அத்தை வயிற்றுப்பிள்ளைக்காரி, என் அம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்துவிட்டாள், சேலை வைக்க இடம் வேண்டியிருந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"நான் கேட்டிருந்தா கொண்டாந்து போட்டிருப்பான். கேக்குல. அவனும் மறந்துட்டான்னு இருந்தேன்" என்றாள்.

அப்படியானால் அப்பா மறைத்தது ஊரிடம் மட்டும் இல்லை. கிளியை அறுத்தது இரும்பு பீரோவில் கிளி இருக்காது என்பதால் மட்டும் இல்லை, அதைக் கேட்டவளுக்கு அடையாளம் தெரிந்துவிடும் என்பதாலும்தான். தங்கச்சியை ஏமாற்றினாரா, அல்லது அவளுக்கு உரியதை வெட்கத்தோடு பச்சை பூசிக் கொண்டுவந்து சேர்த்தாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கக்கூடிய ஒரே ஆளை அந்த மாதம்தான் எரித்திருந்தோம்.

அந்தக் கதவு முடிந்ததும் அத்தை உப்புத்தாளைக் கீழே வைத்தாள். சீர் இறக்கிய அன்று தடவிய மாதிரியே உச்சியைக் கையால் தடவினாள்.

"கிளிய மட்டும் என்ன பண்ணுனான்னு தெரியுல. உங்கம்மா ஏதாச்சும் சொன்னாளா?"

சொல்லலாமா, கூடாதா என்று ஒரு நிமிஷம் திண்டாடினேன். பிறகு, எனக்கு மண நாளில் வார்த்த தண்ணீர் அதில்தான் காய்ந்தது என்று சொல்லிவிட்டேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது, ஆனால் வாய் சிரித்தது.

"உனக்குத்தானா சாமி? அப்பச் செரி. நான் வெளிய எங்கியாச்சும் போட்டுட்டானோன்னு இருந்தேன்."

அதற்குப் பிறகு அவள் தேய்க்கவில்லை. ஒரு கதவு பச்சையும் ஒரு கதவு தேக்குமாகத்தான் அந்த பீரோ இன்றும் என் அறையில் நிற்கிறது, இடது காலுக்கு மேலே அந்தத் தாமரை இதழோடு. அடுத்த பொங்கலுக்குப் பெயிண்ட் வாங்கக் கடைக்குக் கிளம்பிய வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி, கொம்புக்கு நீலம் வாங்கிவரச் சொன்னாள் அத்தை.