விண்ணப்பத்துக்கு முன்னால் சமையலறை

1. ஓப்பன் டே

மலேசியாவில், சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் கல்லூரியில் பதினெட்டு வருடம் அட்மிஷன் ஆபீசராக இருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஓப்பன் டே. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் பெற்றோருடன் வந்து, சுற்றிப் பார்த்து, பதிந்துகொள்ளும் நாள். மார்க்கெட்டிங் மேனேஜர் சேகர் அண்ணன் ஒரு கட்டு விண்ணப்பத்தை என் கையில் திணித்தார்.

"மாலதி, யாராச்சும் கேள்வி கேட்டா சிரி. சிரிச்சிக்கிட்டே சைன் வாங்கிரு."

எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

பதினொரு மணி வாக்கில் மெர்போக்கிலிருந்து கவிதா என்ற பெண் அப்பாவுடன் வந்தாள். அவர் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவுபவர். வீட்டில் மாடும் வளர்த்தார். மகளுக்குச் சமையல்கலை டிப்ளோமா படிக்க ஆசை. பேனாவைக் கையில் எடுத்தவள் நிறுத்தினாள்.

"அக்கா, இந்த கோர்ஸ்ல மாட்டிறைச்சி சமைக்கணுமா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வீட்ல ஏழு மாடு இருக்குக்கா. எல்லாத்துக்கும் நான்தான் பேரு வச்சேன். என்னால முடியாது."

அப்பாவுக்குச் சங்கடம். "வந்த எடத்துல இதெல்லாமா கேப்ப? மொதல்ல சைன் போடும்மா."

பின்னாலிருந்து சேகர் அண்ணனும், "அதெல்லாம் அட்ஜஸ் பண்ணிக்கலாம்லா," என்றார்.

உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. தெரியாமல் கையெழுத்து வாங்க மனம் வரவில்லை. "வா, கேட்டுட்டு வந்துருவோம்," என்று அவளை மாடியிலிருந்த சமையலறைக்கு அழைத்துப் போனேன்.

செஃப் ரஹ்மான் கேள்வியைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மலாயில் பொறுமையாகப் பதில் சொன்னார். இறைச்சி வெட்ட வேறு மாணவரைத் துணைக்கு வைக்கலாம். ஆனால் மாட்டிறைச்சியில் செய்யும் ரெண்டாங் கறிக்குத் தேர்வு உண்டு. சமைத்ததை ருசி பார்க்காமல் பரிமாறுகிறவரை அவரால் தேர்ச்சி பெற வைக்க முடியாது.

"பெத்துல், செஃப்," என்று கவிதா உடனே ஒப்புக்கொண்டாள். என்னிடம், "அவரு சொல்றது நியாயம்தான்க்கா. ஆனா எனக்கு இது சரிப்படாது," என்றாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அவளோ, அந்தக் கத்தியை எந்தக் கடையில் வாங்கினார் என்று செஃப்பிடம் கேட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினாள்.

2. அலோர் ஸ்டாருக்கு ஒரு ஃபோன்

அலோர் ஸ்டாரில் கேக், ரொட்டி மட்டும் கற்றுத்தரும் கல்லூரி ஒன்று இருந்தது. சேகர் அண்ணன் முன்னாலேயே அங்கே ஃபோன் போட்டேன்.

"நீ வேல செய்றது நம்ம காலேஜுக்கா, அவங்க காலேஜுக்கா?"

முதல் நாளே வேலை போய்விடும் என்று தோன்றியது. இருந்தாலும் கேட்டேன். மாட்டிறைச்சி கிடையாது என்றார்கள். பெருமையோடு கவிதாவைப் பார்த்தேன்.

"ஜெலட்டின், அக்கா? புட்டிங்ல போடுவாங்களே. அதையும் மாட்டுலேர்ந்துதானே எடுக்கறாங்க?"

எனக்கு அதுவும் தெரியாது. மறுமுனையில் பயிற்றுநரே பேச வந்தார். அதற்குப் பதில் கடற்பாசியில் எடுக்கும் அகார்-அகார் போட்டுக்கொள்ளலாம், தேர்விலும் அனுமதி உண்டு, சைவ மாணவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். "நல்ல கேள்வி. அந்தப் பொண்ண அனுப்புங்க," என்று சிரித்தார்.

கவிதாவின் அப்பாதான் முதலில் துள்ளினார். "அகார்-அகாரா? அது தீபாவளிக்கு இவளே கிண்டுவாளே!"

சேகர் அண்ணன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த மாதம் கவிதாவின் அப்பா குருணிலிருந்து ஓர் உறவுக்காரரையும் அவர் மகளையும் கூட்டி வந்தார். "இந்தத் தங்கச்சி உள்ளத உள்ளபடி சொல்லும்," என்று என்னைக் காட்டினார். அந்தப் பெண் எங்களிடமே அக்கவுண்டிங் சேர்ந்தாள். சேகர் அண்ணன் எனக்கு ஒரு கிளாஸ் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார்.

அலோர் ஸ்டாரில் படித்து முடித்த கவிதா இப்போது பெண்டாங் டவுனில் சொந்தமாகக் கேக் கடை வைத்திருக்கிறாள்.

கல்லூரி தேடும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்களால் எதைச் செய்ய முடியாதோ, அதை முதல் நாளே வாய்விட்டுக் கேளுங்கள். "முடியாது" என்று கல்லூரியில் சொன்னாலும் பரவாயில்லை, முகம் சுளிக்காமல் சொல்கிறார்களா என்று பாருங்கள். நானும் அன்றுதான் அதைக் கற்றுக்கொண்டேன்.