அடுப்படி அங்கிட்டு, கட்டில் இங்கிட்டு

நியூசிலாந்துல பீரோவச் சுவத்தோட கட்டித்தான் போடணும், மாட்டக் கட்டுற மாதிரி. குடிவந்த அன்னிக்கு, "ஏன், அவுத்துவிட்டா மேயப் போயிருமா?"ன்னு சிரிச்சேன். சாயங்காலமே வீடு கடகடன்னு ஆடுச்சு. மதுர ஒத்தக்கடைக்காரனுக்கு வீடு அதிர்ந்தா மேலூர் ரோட்டுல லாரி போகுதுன்னு அர்த்தம். லாரிதான்னு நானும் டீயக் குடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். பொண்டாட்டி செல்விதான் "நெலநடுக்கம்யா!"ன்னு மேசைக்கு அடியில இருந்து காலப் புடிச்சு இழுத்தா.

ஊர்ல நான் பொக்லைன் ஓட்டுனவன். படிப்பு ஏறல, வண்டியில ஏறிட்டேன். அங்க வீடு கட்டக் குழி தோண்டுவேன். இங்கயும் அதே வேலதான், ஆனா பூமி எந்த எடத்துல வெட்டுப்பட்டு நகருதுன்னு பாக்கத் தோண்டுறாய்ங்க. ஆக்டிவ் ஃபால்ட்டாம். அந்த வெட்ட மேப்புல கோடாப் போட்டுட்டா, அது மேல வீடு கட்ட விடமாட்டாய்ங்க.

எங்க தெருக்கோடி காலி எடத்துல தோண்டச் சொன்னப்ப, நம்மூரு கைவேலையக் காட்டுவோம்னு தோணுச்சு. குழிச்சுவரு வழவழன்னு இல்லாட்டி ஒத்தக்கடை மேஸ்திரி வைவாரு. தண்ணியத் தெளிச்சு, பொக்லைன் பக்கெட்டு முதுகால தேச்சு, கண்ணாடி கணக்கா ஆக்கிட்டேன். மண்ணு ஆராயுற ஹெலன் அம்மா பாத்துட்டுத் தலையில கைய வச்சிருச்சு.

"முருகன், என்ன பண்ணிருக்க?"

"பூசிருக்கேன் மேடம். ஃப்ரீதான்."

மண்ணு அடுக்கப் பாத்தாத்தான் வெட்டு தெரியுமாம். நான் அதத்தான் மொழுகி வச்சிருக்கேன். "சொரண்டு"ன்னு கரண்டியக் குடுத்துச்சு.

சொரண்டச் சொரண்ட செவப்பு மண்ணு ஒரே வரியா வந்துச்சு. திடீர்னு அறுந்து, மிச்சப் பாதி முழங்காலுக்குக் கீழ கெடந்துச்சு. அந்தம்மா வெட்டு நெடுக சின்னச் சின்னக் கொடியாக் குத்துச்சு. கோடு போற தெசையப் பாத்தேன். வேலி, எலுமிச்ச மரம், அப்புறம் எங்க அடுப்படி ஜன்னல்.

ஒத்தக்கடை எடத்த வித்து வாங்குன வீடுய்யா அது! வித்த எடம் யானமலை அடிவாரம். "பூராம் பாறை, போர் போட்டாத் தண்ணி வராது"ன்னு நாந்தான் தள்ளிவிட்டேன்.

"எப்ப மேடம் நகரும்?"

"நாளைக்கே நகரலாம். உன் பேரன் காலத்துலயும் நகரலாம்."

நம்மூரு ஜோசியக்காரன்னா ஒரு பரிகாரமாச்சும் சொல்லிருப்பான்.

மேப்பு வந்துருச்சு. இனி இந்த வீட்ட எவனும் வாங்க மாட்டான். ஊர் எடத்துல இன்னொருத்தன் மாடி எழுப்பிட்டான்.

"பூசுனதோட விட்டிருக்கலாம்ல?"ன்னா செல்வி.

"தெரியாமச் செத்திருப்போமே புள்ள."

"இப்பத் தெரிஞ்சு என்ன செய்யப்போறோம்?"

கோடு வீட்டுக்கு நடுவுல போகுது. அடுப்படி அங்கிட்டு, கட்டில் இங்கிட்டு. செல்வி அங்கன நின்னு சோத்துத் தட்ட நீட்டுறா. நான் இங்கன உக்காந்து கைய நீட்டுறேன். ரெண்டு பேரு கையிலயும் தட்டு லேசா ஆடுது. ரோட்டுல லாரி எதுவும் போகல.