மூன்று வேலைநாட்கள்

அலுவலகத்தில் நாங்கள் செய்தி அனுப்பிக்கொள்ளும் செயலியின் அந்தத் திரை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "ஊழியர்கள் புதிய குழுக்களைத் தொடங்கலாம்" என்றொரு வரி. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதிலிருந்த சரி அடையாளத்தை எடுத்தது என் விரல்தான். கொழும்புத் தலைமை அலுவலகம் சொன்னது, கிளிநொச்சியில் கணினிப் பொறுப்பிலிருந்த நான் செய்தேன். கண்டவர்களெல்லாம் குழு தொடங்கிக் குப்பையாக்குகிறார்களாம். குப்பை! அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர்கள் குப்பை என்றவற்றில் பாதி எங்கள் கள இணைப்பாளர் அக்கா தொடங்கியவை. முள்ளந்தண்டில் காயப்பட்டு நடக்க முடியாமற்போனவர்களைப் பராமரிப்பதுதான் எங்கள் நிறுவனத்தின் வேலை. மாரி தொடங்கினால் அக்கா ஒரு குழு போடுவார். வெள்ளம் வந்தால் குளத்துக்குக் கீழேயுள்ள வீடுகளில் யாரை யார் தூக்குவது, எந்த வாகனம் எங்கே போவது என்று எல்லோரும் ஒரே இடத்தில் எழுதுவார்கள். ஆளை ஏற்றியதும் பெயருக்கு நேரே "ஏத்தியாச்சு" என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

அந்த வருட மாரியில், ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா என் மேசைக்கு வந்தார். "தம்பி, குழு துவங்க ஏலாமல் கிடக்கு. ஒரு படிவம் வருது. என்ன வணிகத் தேவை எண்டு கேக்குது. கட்டிலாலை எழும்பேலாத ஆக்கள் எண்டு எழுதட்டோ?"

"எழுதி அனுப்புங்கோ அக்கா. மூண்டு வேலைநாளிலை கொழும்பிலையிருந்து மறுமொழி வரும்."

"மழை வேலைநாள் பாத்தே பெய்யும்?"

நான் சிரித்தேன். வெட்கமில்லாமல் சிரித்தேன். என் கணக்கிலிருந்து இரண்டு நிமிடத்தில் அந்தக் குழுவைத் தொடங்கியிருக்கலாம். அனுமதி என்னிடம் இருந்தது, துணிச்சல்தான் இல்லை. நோயாளிகளின் பெயர்களைச் சொந்தத் தொலைபேசியில் அனுப்பக் கூடாது என்று வேறு கட்டளை. அக்கா படிவத்தை அனுப்பிவிட்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து யார் எங்கே போவதென்று சொன்னார்.

மறுநாளே வெள்ளம் வந்துவிட்டது. வட்டக்கச்சியில் ஒரு வீட்டாரை மற்ற வாகனம் ஏற்றியிருக்கும் என்று ஒரு சாரதி நினைத்தார். மற்றச் சாரதியும் அப்படியே நினைத்தார். அந்த வீட்டு அண்ணருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. காலையிலிருந்து பின்னேரம்வரை தண்ணீரில் கிடந்தார். மனைவி அவருடைய தலையை உயர்த்திப் பிடித்தபடியே இருந்தார். விசயம் தெரிந்ததும் அக்காதான் ஒரு உழவு இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு போய்த் தூக்கினார். படுக்கைப் புண்களில் கிருமி ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது யாரிடம்? அக்காவிடம். உரிய வழியில் ஏன் தகவல் கொடுக்கவில்லையாம். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குள் எரிவது அவர்கள்மேல் உள்ள கோபமா, என்மேல் உள்ள கோபமா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. இன்றும் அங்கே அதே படிவம், அதே மூன்று நாள்.

அக்கா கேட்ட அனுமதி புதன்கிழமை வந்தது. அதற்குள் வெள்ளம் வடிந்திருந்தது. குழுவில் பதினொரு பேரைச் சேர்த்திருந்தார்கள். ஒருவரும் எதுவும் எழுதவில்லை. அடுத்த வாரம் அக்கா அதில் முதலாவது செய்தியைப் போட்டார்: "அண்ணற்றை செத்தவீடு நாளைக்குக் காலமை. எல்லாரும் வாங்கோ."

ஒரே நொடியில் அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருவர் விடாமல் வந்தோம்.