தராசு முள் நகரவில்லை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று புக்கிட் காத்திலில் என் பழைய இரும்புக் கடையை மிஞ்ச ஆளில்லை. நேற்று அங்கே பெரிய தராசு கிறீச்சிட்டபோது, காலேஜில் படிக்கும் பேத்தி கேட்டாள்: "தாத்தா, ஜனம் இவ்வளவு பெருகுதே, பூமி கனம் கூடுமா?"

"கூடாதும்மா."

"எப்படித் தெரியும்லா?" என்று சிரித்தாள்.

நான் பிறந்து வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டிலும் இதே கிறீச்சிடல்தான். ரப்பர்ப் பால் வாடை தூக்கும் எடைக் கொட்டகையில், வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால், கணக்கெழுதும் கிராணி விளையாட்டாக எங்களைக் கும்பலாகத் தராசில் ஏற்றுவார். அம்மாவும் நாங்கள் ஐந்து பேரும். மறு வருஷம் அம்மா இடுப்பில் தம்பியும் சேர்ந்தான். நாங்களும் வளர்ந்திருந்தோம். முள்ளோ போன வருஷம் நின்ற இடத்திலேயே நின்றது.

"என்ன மாரியாயி, தராசையே ஏமாத்துறியா?" என்றார் கிராணி. அம்மா சிரித்தாள். நாங்கள் கைதட்டினோம்.

எங்கள் தட்டில் கூடியதெல்லாம் அவள் தட்டில் குறைந்த சோறு என்று எவனுக்கும் உறைக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு அவள் இல்லை.

"இருக்கிறதைத் தின்னுதானே வளர்றோம், புதுசா எங்கிருந்து வரும்?" என்று மட்டும் பேத்தியிடம் சொன்னேன்.

இந்த வயதிலும் எனக்குக் கல் மாதிரி உடம்பு, ஊரே மெச்சும். அது யாருடைய சதை என்று எனக்குத்தான் தெரியும்.