பொம்பியே அந்தோணியும் நீல டிரம்மும்

நெல்லித்தோப்பில் ஒரு சந்து இருக்கிறது. இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால், ஒன்று யார் வீட்டு வாசற்படியிலாவது ஏறி நிற்க வேண்டும். அந்தச் சந்துக்குள் வந்து பிளம்பர் அந்தோணி வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு யோசிப்பார்கள். "பொம்பியே வீடு" என்று கேட்டால் கைக்குழந்தை கூட விரலை நீட்டிவிடும்.

பொம்பியே என்றால் பிரெஞ்சில் தீயணைப்புக்காரர்; மிசே என்றால் ஐயா. அந்தோணியின் மனைவி இருதயமேரிக்கு பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற பெரியப்பா ஒருவர் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தபடியே, "வாங்க மிசே பொம்பியே, பாயசம் ரொம்பச் சுடுது, வந்து அணைங்க" என்றார். அன்றைக்கு ஒட்டிய பேர். அதற்குப் பிறகு அந்தோணியே போனில், "பொம்பியே பேசறேன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

இதெல்லாம் ஒரு தீ விபத்தில் ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சந்தின் கோடியில் ஒரு கூரை வீடு பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்தது; ஆனால் முனையில் இருக்கும் டிரான்ஸ்பார்மரைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றது. மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் குடம் குடமாகத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கொடுத்து அணைத்தார்கள். ஆளுக்குச் சேதமில்லை. பீரோவும் டி.வி.யும் போயின.

நிலைய அதிகாரி சக்கரபாணி அப்போதுதான், வண்டி நுழையாத சந்துகளில் அந்தந்தத் தெரு ஆட்களையே பழக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். பயிற்சி நாளன்று சந்தே திரண்டு போனது. பிரியாணிப் பொட்டலம் தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்தோணி. இன்னொருவர் முருகையன், மில் மூடிய பிறகு ஏ.டி.எம். காவலுக்குப் போகிறவர். "நாள் பூரா ஏ.சி.யில உக்காந்து எலும்பு ஜில்லுன்னு ஆயிப்போச்சு, கொஞ்சம் நெருப்பு பக்கம் வந்தா நல்லதுன்னு பாத்தேன்" என்பது அவர் சொன்ன காரணம்.

ஒரு தர்ம ஸ்தாபனம் சின்ன பெட்ரோல் பம்ப் ஒன்றைக் கொடுத்தது. அந்தோணி அதை ஒரு மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, பக்கத்தில் பெரிய நீல டிரம் ஒன்றை வைத்து, டிரம்மின் அடியில் துளைபோட்டு குழாய் பொருத்தி, அந்தக் குழாயை நேரே பம்புக்கு இணைத்தார். டிரம் மூடியைத் திறக்கவே வேண்டாம். வால்வைத் திருப்பினால் போதும், தண்ணீர் பம்புக்கு வந்துவிடும். டிரம்மைக் கழுவின தண்ணீரை வெளியே விட, அடியில் ஒரு திருகு குழாயும் தனியாக வைத்தார். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் அந்த டிரம்மைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பார். தலைகுப்புற உள்ளே கவிழ்ந்து தேய்ப்பார். வெளியே கால் இரண்டு மட்டும் தெரியும்.

"ஞானஸ்நானத் தொட்டிய கூட யாரும் இப்படிக் கழுவ மாட்டாங்க" என்பாள் இருதயமேரி. "வீட்டுல சமையக்கட்டுத் தொட்டி பாசி புடிச்சுக் கெடக்குது. அது கண்ணுக்குத் தெரியல."

"அடியே, பாசி வந்து சல்லடையில அடைச்சுக்கிச்சுன்னா தண்ணி வராது. தீ நின்னு பாத்துக்கிட்டு இருக்குமா?"

"எந்தத் தீ? ரெண்டு வருசமா உங்க பம்பு ஒரு காக்கா தலைய நனைச்சிருக்குதா?"

அவள் சொன்னது பொய்யில்லை. இந்த இரண்டு வருஷத்தில் அவரைத் தேடி வந்த அவசரங்கள் எல்லாம் வேறு மாதிரியானவை. மாமரத்தில் ஏறிய பூனை இறங்கவில்லை. கிணற்றில் பீரோச் சாவி விழுந்துவிட்டது. மாடிக்குப் பெயின்ட் அடிக்கிறோம், அந்தப் பம்பைக் கொண்டுவந்து ஒரு தடவை கழுவிக் கொடுக்க முடியுமா. மற்ற நேரங்களில் அவர்தான் ஜனங்களைத் தேடிப் போனார். வீடு வீடாக நுழைந்து கேஸ் டியூபைத் திருப்பிப் பார்ப்பார். சந்தை அடைத்து நிறுத்திய பைக்கைத் தூக்கி ஓரம் வைப்பார். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கோலுக்குள் சீரியல் பல்பு ஓடினால் பிடுங்குவார். கார்த்திகைக்கு மோட்டார் பைக்கின் சீட்டில் அகல்விளக்கு வைத்த வீட்டில் ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறார்.

அவரிடம் அதிகம் மாட்டிக்கொண்டவள் மகளிர் குழுத் தலைவி பாக்கியலட்சுமி. நாலு வீட்டுக்கு விசேஷச் சமையல் செய்கிறவள். அவள் அடுப்பு எப்போதும் எரியும். ஆகவே அந்தோணியும் எப்போதும் வருவார்.

"எண்ணெ பத்திக்கிச்சுன்னா என்ன செய்வே, சொல்லு."

"தண்ணி ஊத்த மாட்டேன்ணே. மொதல்ல ரெகுலேட்டர மூடுவேன். அப்புறம் ஈரச்சாக்க மேல போடுவேன். காப்பி குடிக்கிறியா?"

"மறுபடியும் சொல்லு."

"அண்ணே, என் மாமியார் கூட ஒரு கேள்விய ரெண்டு தடவைக்கு மேல கேட்டதில்ல. போய்ட்டு வா."

இப்படி இருக்கையில்தான் சக்கரபாணியிடமிருந்து போன் வந்தது. லாஸ்பேட்டையில் இளைஞர்கள் புதிதாக ஒரு தொண்டர் குழு தொடங்கியிருக்கிறார்கள். இருபது பேர். பம்ப் இல்லை. நெல்லித்தோப்பில் பம்ப் இருக்கிறது, ஆள் இரண்டு பேர், ஒரு தீ கூட அணைத்த பேச்சில்லை. சித்திரையில் தீத்தொண்டு வாரம் வருகிறது. அந்த வாரத்தில் ஒரு நாள் சந்தில் செய்முறை காட்டுங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். சரியில்லையென்றால் அன்றைக்கே பம்ப் லாஸ்பேட்டைக்கு.

அந்தோணிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பம்ப் போய்விட்டால் மறுபடியும் ஒரு கூரை எரியும். வண்டி மறுபடியும் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்று மணி அடிக்கும். முருகையன் ஆறுதல் சொல்லிப் பார்த்தார். "போனா போவுது அந்தோணி. பூனைய எறக்கறதுக்குப் பம்பு எதுக்கு, ஏணி இருக்குது." அந்தோணி எழுந்து பம்பைத் துடைக்கப் போய்விட்டார்.

செய்முறை நாள் வந்தது. வெயில் காலையிலேயே பல்லைக் காட்டியது. சந்தின் நடுவில், கொஞ்சம் அகலமான இடத்தில், கீற்றுப் பந்தல் போட்டார்கள். பந்தல் ஓரத்தில் பம்ப் வண்டி. எதிரே மணல் கொட்டி அதன்மேல் ஒரு கட்டு வைக்கோல். அதைக் கொளுத்தி, பிறகு அணைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. அந்தோணி விடியலிலேயே டிரம்மைக் கழுவி, விளிம்பு வரை தண்ணீர் பிடித்து, மூடிவிட்டு, ஆரஞ்சு நிற மேல்சட்டையை இஸ்திரி போட வீட்டுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பாக்கியலட்சுமி தன் குழுப் பெண்களோடு வந்தாள். அதிகாரி வருகிறார், ஊர் ஜனம் வரும், நீர்மோர் கொடுப்பது அவள் பொறுப்பு. மோர் அண்டா அண்டாவாகத் தயாராக இருந்தது. ஊற்றி வைக்க அகலமான பாத்திரம் ஒன்று வேண்டும். கண்ணில் பட்டது நீல டிரம். மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே அவள் முகம் தெரிந்தது. முகர்ந்து பார்த்தாள். வாடையே இல்லை. சந்திலேயே இவ்வளவு சுத்தமான பாத்திரம் யார் வீட்டிலும் கிடையாது. அடியில் குழாய் வேறு, டம்ளரைக் காட்டினால் பிடித்துக்கொள்ளலாம். அந்தோணி அண்ணன் இவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டு, தூசி அடங்க வாசல் தெளித்து, ஒரு கோலமும் போட்டாள். டிரம்மில் மோரை ஊற்றி, உப்பு, நசுக்கிய இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை எல்லாம் போட்டு மூடினாள். தாளிப்பு மட்டும் பாக்கி. அதை அதிகாரி வந்த பிறகு சுடச்சுடச் செய்வதாக, பந்தலின் மூலையில் கேஸ் அடுப்பை வைத்தாள்.

அந்தோணி மிடுக்காகத் திரும்பி வந்தார். தினமும் செய்கிற மாதிரி டிரம்மை விரல் மூட்டால் தட்டிப் பார்த்தார். 'தொப்' என்று நிறைந்த சத்தம். மூடியைத் திறந்தால் தூசி விழும், ஆகையால் திறக்கவில்லை.

முனையில் ஒரு மினி லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தல் வரை வந்து பீடி பற்றவைத்தான்.

"எங்கேருந்து?" என்றார் முருகையன்.

"லாஸ்பேட்டைங்க. ஏதோ பம்பு ஏத்தணும்னு அனுப்பிச்சாங்க. எத்தினி மணிக்கு முடியும்?"

அந்தோணி அவன் பக்கம் திரும்பவே இல்லை. "பீடிய அணைப்பா" என்று மட்டும் சொன்னார்.

சக்கரபாணி பைக்கில் வந்து, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளுக்கு அடியில் குனிந்து வந்தார். பந்தலில் நாற்காலி போட்டார்கள். மோர் கொடுத்தால் குடிக்கலாம் என்பது போலப் பார்த்தார்.

"ஒரு நிமிசம் சார்" என்றாள் பாக்கியலட்சுமி. "தாளிக்காத மோரெல்லாம் நாங்க ஆபீசருக்குக் குடுக்கறதில்ல."

வாணலியில் எண்ணெய் காய்ந்தது. அந்த நேரம் பார்த்து, "சார் வந்துட்டாரு, ஒரு போட்டோ!" என்று யாரோ கூப்பிட, அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு திரும்பினாள். திரும்பி நின்றவள், முகத்தில் நிழல் விழுகிறது என்று இன்னொரு போட்டோவுக்கும் நின்றாள். எண்ணெய் புகைந்தது. குப்பென்று பிடித்தது. நாக்கு நீண்டு கீற்றைத் தொட்டது. சித்திரை வெயிலில் காய்ந்த கீற்று. அதற்குச் சொல்லவா வேண்டும்.

கூட்டம் கைதட்டியது. "ஆரம்பிச்சிட்டாங்கடா!" என்று செல்போன்களைத் தூக்கியது. "நெசம் மாதிரியே இருக்குது பாரு!"

"நெசம்தான்யா! எல்லாரும் வெளிய போங்க!" என்று அந்தோணி கத்திய கத்தலில், கோவில் மாடத்துப் புறாக்கள் எழுந்தன. கூட்டம் அதற்கும் கைதட்டியது. சக்கரபாணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, பெண்களையும் பிள்ளைகளையும் வெளியே தள்ளினார். அப்புறம்தான் ஜனங்களுக்குப் புரிந்தது.

பம்பின் கயிற்றை அந்தோணி ஒரே இழுப்பில் இழுத்தார். ஞாயிறுதோறும் இழுத்த கயிறு. சொன்ன பேச்சு கேட்டது. முருகையன் வால்வைத் திருப்பினார். ஓஸ் விம்மியது. சீறிக்கொண்டு வெளியே வந்தது, வெள்ளை வெளேரென்று.

"நுரை!" என்று முருகையன் கூவினார். "அந்தோணி, நுரை வருது! கெமிக்கல் எப்ப வாங்கின? எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

அந்தோணிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கீற்றைப் பார்த்து அடித்தார். சக்கரபாணி முகத்தில் தெறித்தது. அவர் உதட்டை நக்கிப் பார்த்தார். உப்பு சரியாக இருந்தது. கொஞ்சம் இஞ்சி தூக்கல்.

"இன்னாய்யா இது? மோரு!"

பாதியில் பீச்சல் மெலிந்து, சொட்டு சொட்டாகி நின்றது. கறிவேப்பிலை. அந்தோணி ஓஸ் முனையில் இருந்த நாசிலைக் கழற்றி, அதன் சல்லடையை வாயால் உறிஞ்சித் துப்பி, ஒரு மிளகாயையும் சேர்த்துக் கடித்துவிட்டார். கண்ணில் நீர் கொட்ட, புரையேறி இருமிக்கொண்டே மறுபடியும் மாட்டி அடித்தார். டிரம் வற்றும்போது இருதயமேரி தலைமையில் பெண்கள் தெருக்குழாயிலிருந்து குடங்களைக் கைமாற்றி டிரம்மில் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். மோரும் தண்ணீருமாகப் பந்தல் அணைந்தது. கருகிய கீற்றிலிருந்து சொட்டியது. சந்து முழுக்க ஒரு பெரிய கல்யாணப் பந்தி முடிந்த வாசனை.

அதன் பிறகே அந்தோணிக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. பதறிப்போய் மூலைக்கு ஓடினார். சிலிண்டரின் ரெகுலேட்டர் மூடியிருந்தது. வாணலி மேல் ஈரச்சாக்கு. பக்கத்தில் தலையிலிருந்து பாதம் வரை மோர் வழிய பாக்கியலட்சுமி நின்றாள்.

"ரெகுலேட்டர்... சாக்கு..." என்றாள். "மறுபடியும் சொல்லணுமாண்ணே?"

அந்தோணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாயும் ஒரு காரணம்.

சக்கரபாணி தொப்பியைக் கழற்றி உதறினார். மல்லித்தழை விழுந்தது. நேரே டிரம்மிடம் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு அந்தோணியைப் பார்த்தார். அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீரைச் சரிபார்க்காத பொம்பியே. முடிந்தது. முனையில் லாஸ்பேட்டைக்காரன் கயிற்றை அவிழ்க்கிறான்.

"தெறந்து பாக்கலியா?"

"தட்டிப் பாத்தேன் சார்."

"தட்டிப் பாத்தாராம்." சக்கரபாணி கைக்குட்டையால் காதைத் துடைத்தார். "இருபத்தஞ்சு வருச சர்வீஸ்ல எனக்குத் தலையில தண்ணி ஊத்தியிருக்காங்க, சாணித் தண்ணி கூட ஊத்தியிருக்காங்க. மோர் இதான் மொதல் தடவ." பாக்கியலட்சுமியிடம் திரும்பினார். "எண்ணெ பத்தினா சாக்குப் போடணும்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

"இந்த அண்ணன்தான். வாரா வாரம் வந்து உயிர வாங்கும். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன் சார். எங்க வீட்டுக்காரரு கூட சொல்லுவாரு. எங்க வீட்டுல கிளி இருந்தா அதுவும் சொல்லும்."

சக்கரபாணி கருகிய கீற்றையும், அதற்கு மேலே ஒரு கையெட்டும் தூரத்தில் ஒன்றும் ஆகாமல் தொங்கிய மின்கம்பியையும், இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி நின்ற வீடுகளையும் பார்த்தார். பிறகு சந்து முனையில் தூரத்தில் நின்ற தன் பைக்கைப் பார்த்தார்.

"லாஸ்பேட்டைல ரோடு அகலம். எங்க வண்டி நேரா வீட்டு வாசல்ல நிக்கும். இங்க நானே குனிஞ்சுதான் வர வேண்டியிருக்கு. பம்பு இங்கயே கெடக்கட்டும்." ஒரு விரலை நீட்டினார். "இந்தம்மாவக் குழுவுல சேத்துக்கோ. அப்பதான் டிரம்முல கை வைக்க மாட்டாங்க."

மினி லாரிக்காரனிடம் சொல்ல முருகையன் போனார். அவன் கயிற்றைத் திரும்பச் சுற்றிக்கொண்டு, "சரிங்க. அந்த மோரு ஏதாவது மிச்சம் இருக்குதா?" என்றான்.

சாயங்காலம் அந்தோணி வாசலில் ஓஸைக் கழுவினார். எத்தனை முறை கழுவினாலும் வெள்ளையாகவே வந்தது. சல்லடையிலிருந்து கறிவேப்பிலையை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தார். இருதயமேரி காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் புடவையும் மோரில் விறைத்துப்போயிருந்தது. ஏதோ சொல்லப் போகிறாள் என்று அந்தோணி காத்திருந்தார்.

"காக்கா தலைய நனைச்சாச்சு" என்றாள். "ஆபீசர் தலையையும்."

அவர் சிரித்துக்கொண்டே ஓஸைச் சுருட்டினார். சந்துப் பூனைகள் எல்லாம், மாமரத்தில் ஏறி இறங்கத் தெரியாத அந்தப் பூனை உட்பட, வரிசையாக வந்து பம்ப் வண்டியின் கீழே உட்கார்ந்து, நாசிலையே பார்த்துக்கொண்டிருந்தன.